டிரசர் ஐயாவின் சம்பளம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்குக்கு நெறியாளர் கொடுத்திருக்கும் தலைப்பு ‘ஒரே வேலைக்கு ஒரே சம்பளமா?’ என்பது. எனக்கு முன்பு பேசிய நண்பர்கள் ஆசிரியர்களைப் பற்றியும் தொழிற்சாலை ஊழியர்களைப் பற்றியும் பேசினார்கள். நான் நம் தோட்டப்புற வரலாற்றிலிருந்து ஒரு மனிதரை அழைத்து வந்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் தெர்மாமீட்டர், அவர் வரும்போதே கூட வரும் மருந்து வாடை. அவர்தான் டிரசர்.

இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுபவர் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். ஆனால் தோட்டத்து டிரசர் கட்டு மட்டுமா கட்டினார்? காய்ச்சலுக்கு மருந்து கலந்தார். ஊசி போட்டார். பல் பிடுங்கினார். பிரசவம் சிக்கலானால் மருத்துவச்சிக்குத் துணையாகப் போய் நின்றார். லயத்துச் சாக்கடையில் கொசு மருந்து தெளிக்க ஆள் அனுப்பினார். டாக்டர் எப்போதாவது ஒரு நாள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் டிரசர்தான் டாக்டர். அதனால்தான் ஜனங்கள் அவரை ‘டிரசர் ஐயா’ என்றார்கள்.

எங்கள் குடும்பத்திலேயே இன்றைய தலைப்பின் இரண்டு பக்கமும் இருந்தது. என் பெரியப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். என் சித்தப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட். தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டில் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றிச் சம்பளத்தில் வந்து நிற்கும். “நீ கட்டுற கட்டும் நான் கட்டுற கட்டும் ஒண்ணுதாண்டா தம்பி. ஒன் கட்டுக்குப் பென்ஷன் இருக்கு, என் கட்டுக்கு இல்லே” என்பார் பெரியப்பா. சித்தப்பா சிரித்துக்கொண்டே, “ஒங்களுக்குப் பங்களா இருக்குண்ணே, நான் வாடகை வீட்லதானே கெடக்கறேன்” என்பார்.

சிறுவனாக இருந்தபோது அதை வெறும் கேலிப் பேச்சு என்று நினைத்தேன். பின்னாளில் தோட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், நூறாண்டுக் கதையை அண்ணனும் தம்பியும் இரண்டே வரியில் சொல்லியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. மருத்துவ உதவியாளரின் சம்பளத்தை அவருடைய கைத்திறன் முடிவு செய்யவில்லை. நோயாளி படுத்திருக்கும் கட்டில் யாருடைய கூரைக்கு அடியில் கிடக்கிறது, அந்தக் கூரை எந்த ஊரில் இருக்கிறது, இவைதான் முடிவு செய்தன.

சட்டம் கொண்டு வந்த ஆள்

தோட்டத்துக்கு டிரசர் எப்படி வந்தார்? துரைமார்கள் இரக்கப்பட்டு வைத்துக்கொண்ட ஆள் அல்லர் அவர்.

1873ஆம் ஆண்டு, இன்று நாம் செபராங் பிறை என்று அழைக்கும் புரோவின்ஸ் வெல்லஸ்லியில், மலாக்கோஃப் என்ற தோட்டத்தில் இந்தியக் கூலிகள் நடத்தப்பட்ட விதம் விசாரணைக்கு வந்தது. அடியும், கவனிப்பாரற்றுக் கிடந்த நோயாளிகளும் ஊருக்குத் தெரிந்தன. அதன் பிறகுதான் கூலிகளின் பாதுகாப்புக்கென்று சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அது கரும்புக் காலம். ரப்பர் காலம் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. 1905ஆம் ஆண்டுக்குப் பிறகு ரப்பர் விலை ஏற ஏற, காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். மரம் விழுந்ததும் மலையடிவாரத்து ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரில்தான் மலைநாட்டு மலேரியா கொசு முட்டையிடும். நம் முன்னோர்கள் அந்த ஓடைகளுக்குப் பக்கத்தில் லயம் கட்டிக் குடிவைக்கப்பட்டார்கள். 1911ஆம் ஆண்டு ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் இந்தியத் தொழிலாளர்களுக்கு 60க்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டிலேயே மாண்டார்கள். நூறு பேர் வசிக்கும் லயத்தில் வருடத்துக்கு ஆறு சாவு! இதில் ஊருக்குத் திரும்பிப் போய் இறந்தவர்கள் கணக்கில் இல்லை.

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் 1923ஆம் ஆண்டில் அதைத் திருத்தி வந்த சட்டமும் தோட்ட மருத்துவத்தை முதலாளியின் கடமையாக்கின. கிள்ளான் பகுதியில் 1901ஆம் ஆண்டிலேயே மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டிய டாக்டர் மால்கம் வாட்சன் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் டாக்டரானார். கப்பல் செலவு போட்டுக் கொண்டு வந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் நட்டம் தோட்டத்துக்குத்தான் என்பதைத் துரைமார்களும் மெல்ல உணர்ந்தார்கள். இப்படிச் சட்டமும் கணக்கும் சேர்ந்துதான் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொட்டகை, சில கட்டில்கள், ஒரு டிரசர் என்ற ஏற்பாட்டை உண்டாக்கின.

அவர் சம்பளத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. கிராணி கணக்கு எழுதினால் தோட்டத்துக்கு வரவு தெரியும். கண்டக்டர் வெளிக்காட்டை மேய்த்தால் பால் கூடும். டிரசரின் வேலை விற்கக்கூடிய எதையும் தருவதில்லை. சட்டத்துக்காக வைத்திருக்கும் செலவு என்ற பத்தியில்தான் அவர் பெயர் எழுதப்பட்டது. செலவுப் பத்தியில் பெயர் உள்ளவனுக்குச் சம்பளம் எப்படி ஏறும்?

இந்த வேலைக்கு வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் அதிகம். காரணம் ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் ஆங்கிலம் கற்ற இளைஞர்களை வருடா வருடம் உருவாக்கிக்கொண்டிருந்தன. மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் 1848ஆம் ஆண்டிலிருந்தே தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். பாட்டில் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கவும் துரைக்கு அறிக்கை எழுதவும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. பால்வெட்டும் ஜனங்களுக்கும் டிரசருக்கும் இடையில் மொழி ஒன்றாக இருந்தும் ஓர் இடைவெளி நெடுநாள் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

50 காசும் 58 காசும்

இடத்துக்கு இடம் சம்பளம் மாறுவது இந்த நாட்டில் புதிதல்ல. சட்டமே அப்படித்தான் தொடங்கியது.

1920களில், இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு நிர்ணயக் கூலி என்று ஒன்றை அரசாங்கம் கட்டியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங் உட்பகுதி போன்ற எளிதில் போக முடியாத இடங்களில் ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. ஏன் அந்த எட்டுக் காசு? அரிசியும் பருப்பும் உப்பும் உள்நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை ஏறிவிடும். ஒரு தொழிலாளி மாதத்துக்கு என்னென்ன வாங்குவான் என்று பட்டியல் போட்டுத்தான் கூலியைக் கணக்கிட்டார்கள். அதாவது தூரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதை ஆங்கிலேய ஆட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் ஏன் 10 காசு வித்தியாசம் என்று கேட்காதீர்கள். அதற்கு இன்னொரு கருத்தரங்கு வைக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு தொழிலாளர்களோடு நின்றுவிட்டது. கிராணி, டிரசர் போன்ற தோட்ட ஊழியர்களுக்குச் சட்டம் கட்டிய சம்பளம் எதுவும் இல்லை. வேலைக்குச் சேரும் நாளில் துரையும் டிரசரும் பேசிக்கொண்டதுதான் சம்பளம். பெரிய கம்பெனிகள் பல தோட்டங்களைச் சேர்த்துக் கூட்டு மருத்துவமனை நடத்தின. அங்கே கட்டில் அதிகம், டாக்டரும் பக்கத்தில் இருப்பார், டிரசர்களுக்குள்ளும் மூத்தவர் இளையவர் என்ற படிநிலை உண்டு. சிறு தோட்டத்தில் ஒற்றை ஆள். உட்பகுதியில் மண்வெட்டி பிடித்தவருக்கு எட்டுக் காசு கூடக் கிடைத்தது. அதே இடத்தில் ஸ்டெதஸ்கோப் பிடித்தவருக்கு எவ்வளவு கூட என்பது அவர் வாய்ச் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. 1926ஆம் ஆண்டு சுகாதார வாரியங்களுக்கான சட்டம் நிறைவேறியது. தோட்டங்களிடம் பணம் வசூலித்து, தோட்ட மருத்துவத்தை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டு வருவது நோக்கம். துரைமார்கள் செலவைச் சொல்லி முனகினார்கள். அதற்குள் உலகப் பொருளாதாரம் சரிந்தது, ரப்பர் விலை படுத்தது, திட்டமும் படுத்தது. அது நிலைத்திருந்தால் டிரசர்களுக்கு அன்றைக்கே ஒரு பொதுச் சம்பளப் படி வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1930ஆம் ஆண்டு அக்டோபரில் 50 காசு 40 ஆனது, பெண்களுக்கு 40 காசு 32 ஆனது. பிறகு இன்னும் இறங்கியது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலும் குறையும், டிரசரும் குறைவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கும் அந்தக் காலத்தில் கஷ்டம் இருந்ததுதான். ஆனால் ரப்பர் விலையை நேரடியாகத் தன் சம்பளத்தில் உணர்ந்தவர் தோட்டத்து டிரசர். லண்டனில் ரப்பர் விலை இறங்கினால் கோலசிலாங்கூரில் மருந்துக் கொட்டகை ஆடியது.

ஜப்பானியர் காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்துத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது டிரசர்களும் கூட அனுப்பப்பட்டார்கள். மருந்தே இல்லாத இடத்துக்கு மருந்து கொடுப்பவரை அனுப்பினார்கள். ஊரில் தங்கியவர்களுக்கோ சம்பளம் வாழைமர நோட்டில் வந்தது. 1945இல் அந்த நோட்டுகள் வெற்றுக் காகிதமாயின. அந்த மூன்றரை வருடம் மட்டும்தான் நகரமும் தோட்டமும் அரசாங்கமும் கம்பெனியும் சமமாக இருந்தன என்று சொல்ல வேண்டும்.

பென்ஷனும் பங்களாவும்

போருக்குப் பிறகுதான் என் பெரியப்பாவும் சித்தப்பாவும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள்.

அரசாங்கத்தில் இருந்தவருக்குச் சம்பளப் படி என்ற ஏணி உண்டு. வருடத்துக்கு ஒரு படி ஏறலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கம் ஒரு சம்பளக் குழுவை அமைக்கும். 1967ஆம் ஆண்டின் சுஃபியான் அறிக்கை, 1970களின் அமைச்சரவைக் குழு அறிக்கை என்று ஒவ்வொன்றும் வரும்போது சித்தப்பா பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடுவார். 55 வயதில் ஓய்வு, பிறகு சாகும்வரை பென்ஷன், அவருக்குப் பிறகு சித்திக்கும் ஒரு தொகை. பதிலுக்கு அவர் கொடுத்த விலை இடமாற்றம். அவர் பிள்ளைகள் நான்கு பள்ளிகளில் படித்தார்கள்.

பெரியப்பாவுக்கு வேறு மாதிரி. தோட்ட ஊழியர்களுக்கென்று அகில மலாயா தோட்ட ஊழியர் சங்கம் போருக்குப் பின் வந்தது. கிராணி, கண்டக்டர், டிரசர் எல்லாரும் அதில் உறுப்பினர். பின்னாளில் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவோடு அந்தச் சங்கம் கூட்டு ஒப்பந்தம் செய்து சம்பளப் படியைக் கொண்டு வந்தது. இது பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தம் மாப்பாவில் உறுப்பியம் பெற்ற தோட்டங்களைத்தான் கட்டுப்படுத்தும். வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் ஒருவரின் சிறு தோட்டம் இருந்தால், அங்குள்ள டிரசருக்கு அதே பழைய வாய்ப்பேச்சுதான்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரியப்பாவுக்கு வீடு இலவசம், தண்ணீர், விளக்கு இலவசம், தோட்டத்தைக் கூட்டிப் பெருக்க ஓர் ஆள். பார்ப்பவர்களுக்கு அது ராஜ வாழ்க்கை. சித்தப்பாவே பொறாமைப்பட்டார். ஆனால் 1951ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்து, தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு என்று பிடிக்கத் தொடங்கியபோது, பிடித்தது கையில் வாங்கும் ரொக்கத்தில்தான். பங்களாவுக்கு சேமநிதி கிடையாது. சம்பளத்தின் பெரிய பங்கு வீடாகவும் விளக்காகவும் கிடைத்தவருக்கு, ஓய்வு பெறும் நாளில் அந்தப் பங்கு முழுவதும் சாவியோடு திரும்பிப் போய்விடும். முப்பது வருடம் குடியிருந்த வீட்டுக்கு அவர் கையில் ஒரு செங்கல் கூட மிஞ்சாது.

அப்படியானால் டிரசர் ஏன் அரசாங்க வேலைக்கு மாறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சட்டம் இன்னொரு வேலி போட்டது. 1965ஆம் ஆண்டு தோட்ட மருத்துவமனை உதவியாளர்களுக்கென்று தனிப் பதிவுச் சட்டம் வந்தது. படிப்பறியாத ஆள்களை டிரசர் என்று வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அது தடை போட்டது, நோயாளிக்கு நல்லது செய்தது. 1977ஆம் ஆண்டு மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் தனியாக வந்தது. ஆக, தோட்டத்துக்கு ஒரு பதிவேடு, வெளியே இன்னொரு பதிவேடு. தோட்டப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத் தோட்டம்தான் சந்தை. விலை கேட்க வேறு கடை இல்லாத பொருளுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது வியாபாரம் தெரிந்த நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு சீட்டின் விலை

சம்பளம் யார் கொடுக்கிறார் என்பது பணத்தோடு முடிந்துபோகும் விஷயமல்ல.

காலையில் பெரட்டுக்கு முன்பு டிரசரிடம் போய், “ஐயா, உடம்பு முடியலே” என்று நிற்பவருக்கு அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் அன்று ஓய்வு. சீட்டு இல்லாவிட்டால் வேலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் பேர் இல்லை, கூலி இல்லை. சீட்டு எழுதும் கைக்குச் சம்பளம் கொடுப்பவரோ, பால் இறங்கவில்லையே என்று கணக்குப் பார்க்கும் துரை. “டிரசர் துரையோட ஆளு” என்று லயத்தில் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அது என் பெரியப்பாவைப் பற்றிய பேச்சு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒருமுறை அம்மை கண்ட வீட்டார் அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் விடுப்பு எழுதிவிட்டார். அந்த வருடம் அவருக்கு வழக்கமாக வரும் போனஸ் குறைந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் சீட்டு எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்று, கடைசிக் காலத்தில் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த சித்தப்பாவுக்கு இந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. அவர் நல்லவர், இவர் கெட்டவர் என்பதால் அல்ல. சித்தப்பாவின் சம்பளம் பால் எடையைப் பார்த்து வரவில்லை.

தோட்டம் துண்டானபோது

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அஜீஸ் அறிக்கை எழுதினார். துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். தோட்டம் துண்டானால் மரம் நிற்கும், பாலும் வரும். நிற்காமல் போவது பொது வசதிகள்தான். பத்து ஏக்கர்க்காரர் ஆஸ்பத்திரி நடத்துவாரா? பள்ளி, ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை எல்லாம் கேட்பாரற்றுப் போயின.

1980களிலும் 1990களிலும் இரண்டாவது அலை வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டம் மருத்துவ வசதியை இன்னும் முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருந்தாலும், நல்ல சாலை வந்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வேன் அனுப்புவதே நடைமுறையானது.

அந்தக் காலத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் நிலை என்ன என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் வேண்டும் என்று பல்லாண்டு போராடி, 2003ஆம் ஆண்டில் கிடைத்த உறுதித் தொகை 350 ரிங்கிட். டிரசர் பாவம் என்று நான் சொல்லும்போது, அவருக்குக் கீழே யார் நின்றார்கள் என்பதை மறக்கவில்லை.

எட்டுக் காசு எங்கே போனது?

இன்று ‘மருத்துவ உதவியாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வகையினர் இருக்கிறார்கள். பழைய ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட், மூன்றாண்டு டிப்ளோமா பெற்று, உதவி மருத்துவ அதிகாரி என்ற பெயரோடு அரசாங்கப் படியில் நிற்கிறார். இவருக்கு இடம் இன்னமும் கணக்கில் உண்டு. கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற நகரங்களில் வாழ்க்கைச் செலவு உதவித்தொகை கூடுதல். சபா, சரவாக் உட்பகுதிக்குப் போனால் அதற்கென்று தனி ஊக்கத்தொகை. சரவாக்கில் 1973ஆம் ஆண்டிலேயே பறக்கும் டாக்டர் சேவை தொடங்க வேண்டியிருந்தது என்றால் அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள். இதே தகுதியோடு கிர்த்தே, மீரி கடற்பகுதியில் எண்ணெய் மேடைக்குப் போகிறவருக்கு நாள் கணக்கில் சம்பளம். அதே காய்ச்சல், அதே கட்டு. ஆனால் எண்ணெய்க்கும் ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் சம்பளச் சீட்டில் தெரியும்.

இன்னொரு வகையினரை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கடைவீட்டுக் கிளினிக்கில் சன்னலுக்குப் பின்னால் நின்று உங்கள் பெயரைக் கூப்பிட்டு மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண். எஸ்பிஎம் முடித்தவர், டாக்டரிடமே வேலை பழகியவர். இவருக்குப் பதிவேடு இல்லை, சங்கம் இல்லை. டாக்டர் வாங்கும் ஆலோசனைக் கட்டணம் 2006ஆம் ஆண்டின் விதிகளில் 10 முதல் 35 ரிங்கிட் என்று கட்டப்பட்டு, நெடுங்காலம் அப்படியே கிடந்தது. அந்தத் தொகைக்குள்தான் கடை வாடகையும் இந்தப் பெண்ணின் சம்பளமும் அடங்க வேண்டும். அதனால் அவர் சம்பளம் பெரும்பாலும் அரசாங்கம் விதிக்கும் குறைந்தபட்சத்தை ஒட்டியே நிற்கிறது.

அந்தக் குறைந்தபட்சத்தின் கதையைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டு முதன்முதலில் வந்தபோது தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா சரவாக்குக்கு 800. 2016இல் 1,000, அங்கே 920. 2019இல் இரண்டும் 1,100 என ஒன்றாயின. மறு வருடமே மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்று மீண்டும் பிரித்தார்கள். 2022இல்தான் 1,500 என்று நாடு முழுவதும் ஒரே எண் வந்தது. 2025இல் அது 1,700 ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 1920களில் எட்ட முடியாத இடத்தில் இருந்தவனுக்கு எட்டுக் காசு அதிகம். 2013இல் தூரத்து மாநிலத்தில் இருப்பவருக்கு நூறு ரிங்கிட் குறைவு. அன்று கணக்குப் போட்டவர்கள் தொழிலாளியின் சந்தைச் செலவைப் பார்த்தார்கள். இன்று முதலாளியின் தாங்கும் சக்தியைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வாதம் உண்டு. ஆனால் மீன் டின்னும் கோதுமை மாவும் பேலாகாவில் கிள்ளானைவிட மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், நான் நம்ப மாட்டேன்.

நெறியாளர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

என் பெரியப்பா பணியாற்றிய தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆஸ்பத்திரி இருந்த மேட்டில் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரு கிளினிக். இந்தக் கருத்தரங்குக்காகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்த நாள்களில் இருமல் மருந்துக்காக அங்கே போனேன். மருந்து கொடுத்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவராகவே, உதவி மருத்துவ அதிகாரி டிப்ளோமாவுக்கு மனு போட்டிருப்பதாகச் சொன்னார்.

“முடிச்சதும் சரவாக்குக்குப் போடுவாங்களேம்மா, போவியா?” என்றேன்.

மருந்துப் பையில் பெயரை எழுதிக்கொண்டே, “அலவன்ஸ் எவ்வளவுன்னு விசாரிச்சிட்டேன் அங்கிள்” என்றார்.